வீட்டுக்குள் ஓர் அஞ்சல் நிலையம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்னும் ஊர் இருக்கிறது. அதைக் கடந்து கிழக்கே போனால் உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் வங்கக் கடல். இவ்வூரில் ஒரு பழைய வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னறை, கூடம், சமையற்கட்டு, பின்கட்டு என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் வீடு. தெருவிலிருந்து வரும் இணையக் கம்பி முன்னறையில் முடிகிறது. ஆகவே ரூட்டரும் முன்னறையிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கோ அமைதியான இடம் பின்கட்டுதான். அங்கே கைப்பேசியைத் திறந்தால் பாடக் காட்சி சுற்றிக்கொண்டே நிற்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தபோது, இத்தகைய வீடுகளில் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகவே திண்ணைக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது.

இந்த வீட்டில் எல்லாரும் சொல்லும் தீர்வு ஒன்றே: "இன்னொரு ரூட்டர் வாங்கிப் பின்கட்டில் வைத்துவிடு." பரண்மேல் பழைய ரூட்டர் ஒன்று இருந்தால் செலவும் இல்லை. ஆனால் அப்படி வைத்த பல வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. கைப்பேசியில் அலைக்குறி முழுதாக நிற்கும். பாடக் காட்சி மட்டும் முன்போலவே சுற்றிக்கொண்டிருக்கும். குறி முழுதாக இருக்கும்போது வேகம் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு விடை காண்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். இரண்டுமே உங்கள் பாடப் புத்தகத்துக்கு உட்பட்டவைதாம்.

ரூட்டர் என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். அது அனுப்புவதும் வாங்குவதும் மின்காந்த அலைகளே. வைஃபைக்கு வழக்கமாகப் பயன்படும் அலைகள் இரண்டு வகை. ஒன்று 2.4 கிகாஹெர்ட்சு அதிர்வெண் உடையது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள், அலைநீளம் 12.5 செ.மீ. என்று வரும், ஏறக்குறைய அரைச் சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். மற்றொன்று 5 கிகாஹெர்ட்சு. இதன் அலைநீளம் 6 செ.மீ. இரண்டாவது வகை வேகமாகச் செய்தி சுமக்கும், ஆனால் சுவரைக் கண்டால் எளிதில் சோர்ந்துபோகும். நீண்ட வீட்டுக்கு முதல் வகையே கைகொடுக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அலைகள் பரவப் பரவ வலிமை குறையும். விளக்கொளிக்குச் சொல்லப்படும் எதிர் இருமடி விதியே இங்கும் பொருந்தும்: தொலைவு இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்கு. இத்துடன் ஒவ்வொரு சுவரும் தன் பங்குக்கு அலையை விழுங்குகிறது. நான்கில் ஒன்று, அதில் எட்டில் ஒன்று என்று பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போவது சலிப்பான வேலை. ஆகவே பொறியாளர்கள் மடக்கையைத் துணைக்கு அழைத்து டெசிபல் என்னும் அளவை வைத்துக்கொண்டார்கள். பெருக்கல் கூட்டலாகிவிடும், அவ்வளவுதான் அதன் மந்திரம். 3 டெசிபல் குறைந்தால் வலிமை பாதி. 6 குறைந்தால் கால். 10 குறைந்தால் பத்தில் ஒன்று. ஒரு மில்லிவாட் வலிமையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளவற்றைக் கழித்தல் குறியோடு எழுதுவார்கள். கைப்பேசியில் அலைவலிமையை அளந்து காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அவை தரும் எண் −50, −70 என்று இருப்பது இதனால்தான். எண் சுழியத்தை நெருங்க நெருங்க அலை வலிது.

இனி நம் பிரம்மதேசத்து வீட்டை அளப்போம். ரூட்டருக்கு ஒரு மீட்டர் அருகில் கைப்பேசி −30 காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டு ரூட்டர்களுக்கு இது இயல்பான அளவு. பின்கட்டில் படிக்கும் மேசை 16 மீட்டர் தள்ளி இருக்கிறது. 1 மீட்டர் 2 ஆக, 2 நான்காக, 4 எட்டாக, 8 பதினாறாக, மொத்தம் நான்கு முறை தொலைவு இரட்டிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் 6 வீதம் 24 டெசிபல் இழப்பு. வழியில் மூன்று பருமனான செங்கற்சுவர்கள். ஒரு சுவருக்கு 9 டெசிபல் என்று கொண்டால் 27. ஆக, −30இலிருந்து 24உம் 27உம் கழித்தால் −81.

−81 என்றால் எவ்வளவு? ஒரு வாட்டை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றில் 8 கூறு! இவ்வளவு சிறிய சக்தியைக்கூட உங்கள் கைப்பேசி உணர்கிறது என்பதே வியப்புக்குரியது. ஆயினும் காற்றில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கிறது. கைப்பேசியின் உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் துடிப்பதும் ஓர் இரைச்சலே. இந்த வகைக் கருவிகளில் அது −95 என்னும் அளவில் நிற்கும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பேசத் தொடங்கினால் இன்னும் உயரும். சந்தையில் நின்று ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற நிலை இது. ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவருகிறது. அதனால் வேகம் படுத்துவிடுகிறது. முகம் பார்த்துப் பேசும் காட்சி அழைப்பு தடையின்றி நடக்க −67க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது துறையினர் பின்பற்றும் கணக்கு.

"அப்படியானால் முன்னறை ரூட்டரின் சக்தியைக் கூட்டிவிட்டால் போதுமே" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. சட்டமும் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்சு பட்டையை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் அறிவித்தபோது, கருவியின் சக்திக்கு உச்சவரம்பையும் சேர்த்தே விதித்தது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய தடை வேறொன்று. வானொலி கேட்பது போல் இணையம் ஒருவழிப் பாதை அன்று. கைப்பேசி ஒவ்வொரு செய்தித் துண்டையும் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ரூட்டர் அதையே மீண்டும் அனுப்பும். ரூட்டர் கோயில் ஒலிபெருக்கி போலக் கத்தினாலும், பின்கட்டிலிருந்து கைப்பேசி தன் சிறு மின்கலத்தை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில்தானே விடை சொல்ல முடியும்? அது முன்னறைக்கு எட்டாவிட்டால் உரையாடல் முறிந்துவிடும்.

ஆகவே இடையில் ஒருவர் நிற்க வேண்டும். முன்னறையிலிருந்து வருவதைக் கேட்டுப் பின்கட்டுக்குச் சொல்ல வேண்டும். பின்கட்டு சொல்வதை முன்னறைக்குச் சேர்க்க வேண்டும். இந்த முறைக்குத் தமிழில் அழகான பழைய சொல் இருக்கிறது: அஞ்சல். ஓட்டத்தில் களைத்த குதிரையை வழியில் மாற்றி, புதிய குதிரையில் ஓலையை ஏற்றி அனுப்பிய ஏற்பாடு அது. தில்லி நிலையத்துச் செய்தியை நம் ஊர் வானொலி வாங்கித் தந்தபோதும் அதை அஞ்சல் என்றே சொன்னார்கள். தந்தியிலும் இதே வழிதான். நெடுந்தொலைவு சென்று மெலிந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை மட்டும் அசைக்கும். அந்த அசைவு புதிய மின்கல அடுக்கொன்றின் சுற்றை மூடித் திறக்கும். செய்தி புதுப் பலத்தோடு அடுத்த ஊருக்குப் போகும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைச் செய்துகாட்டினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒலிபெருக்கி வேறு, அஞ்சல் வேறு. ஒலிபெருக்கியிடம் இரைச்சலோடு கலந்த குரலைக் கொடுத்தால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அஞ்சல் நிலையமோ வந்த செய்தியைப் படித்து, ஒன்று, சுழியம் என்று புரிந்துகொண்டு, புதிதாக எழுதி அனுப்புகிறது. இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடும். ஆனால் படிக்க முடிந்தால்தானே எழுத முடியும்? படிக்க முடியாத இடத்தில் நிற்கும் அஞ்சற்காரனால் பயன் இல்லை.

நம் கேள்விக்கான விடை இதோ வந்துவிட்டது. இரண்டாவது ரூட்டரைப் பின்கட்டு மேசைமேல் வைத்தால், அதற்கும் கைப்பேசிக்கும் இடையே ஒரு மீட்டர்தான். ஆகவே குறி முழுதாக நிற்கிறது. ஆனால் அந்த ரூட்டருக்கு முன்னறையிலிருந்து வருவது அதே −81. அலைக்குறி காட்டுவது கடைசிப் படியை மட்டுமே. அதற்கு முந்தைய படி முறிந்திருந்தால் குறிக்கு அது தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் வராதபோது மடையை எவ்வளவு அகலமாகத் திறந்தும் பயனில்லை அல்லவா?

அதே ரூட்டரைக் கூடத்தில், முன்னறையிலிருந்து 8 மீட்டரில் வையுங்கள். மூன்று இரட்டிப்புகளுக்கு 18, ஒரு சுவருக்கு 9, −57. நன்றாகப் படிக்கலாம். அங்கிருந்து பின்கட்டுக்கு மீண்டும் 8 மீட்டர், இரண்டு சுவர்கள்: 18உம் 18உம் கழிய −66. பின்கட்டில் குறி இப்போது முழுதாக நிற்காது. ஒரு கோடு குறைந்தே தெரியும். ஆனால் பாடம் ஓடும்!

இந்த இடைநிலை அஞ்சலுக்கு ஒரு விலை உண்டு. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நடுவில் உள்ள ரூட்டர் முன்னறை சொல்வதைக் கேட்கும்போது பின்கட்டிடம் பேச முடியாது. பேசும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை சொல்லப்படுவதால் நேரம் இரட்டிக்கிறது; வேகம் பாதியாகிறது. முன்னறைக்கு ஒரு பட்டையும் பின்கட்டுக்கு வேறு பட்டையும் பயன்படுத்தும் கருவிகள் இந்தக் குறையைப் பெரும்பாலும் போக்கிவிடும். ஆனால் இவற்றையெல்லாம்விட மலிவான, உறுதியான வழி ஒன்று இருக்கிறது. முதல் படியைக் காற்றில் விடாமல் கம்பியில் விடுவது.

கணினிக் கடையில் கிடைக்கும் சாதாரண இணையக் கம்பி 100 மீட்டர் வரை செய்தியைச் சுமக்கும். அதற்குச் சுவரும் ஒன்றுதான், வெளியும் ஒன்றுதான். கம்பி போட்டுவிட்டால் மேலே சொன்ன இடக் கணக்கே மாறிவிடுகிறது: இப்போது இரண்டாவது ரூட்டரைத் தாராளமாகப் பின்கட்டிலேயே வைக்கலாம். காற்றுவழி அஞ்சல் பரணில் உள்ள பழைய ரூட்டர்களில் பலவற்றுக்குத் தெரியாது. கம்பிவழி அநேகமாக எல்லாவற்றுக்கும் தெரியும். கம்பி போட வாய்ப்புள்ள வீட்டில் வேறு வழியை நாடுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

பழைய ரூட்டரை அப்படியே இணைத்துவிடக் கூடாது. முதலில் அதை மட்டும் ஒரு கணினியோடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதற்குரிய முகவரி இருக்கும். முன்னறை ரூட்டரின் எண் முகவரி 192.168.1.1 என்றால், பழையதன் முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள். ஒரு தெருவில் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகள் இருக்கலாகாது. அடுத்து, டிஎச்சிபி என்னும் பணியை நிறுத்துங்கள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் முகவரி வழங்கும் பணி அது. ஓர் ஊருக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருந்து, ஒரே மனையை இருவேறு பேருக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? வீட்டிலும் அந்தக் குழப்பமே நேரும். முகவரி கொடுப்பது முன்னறையோடு நிற்கட்டும்.

கம்பியின் ஒரு முனையை முதல் ரூட்டரின் லேன் துளையிலும் மறுமுனையை இரண்டாவதன் லேன் துளையிலும் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையைத் தொட வேண்டாம். அதில் செருகினால் பின்கட்டு தனி நாடாகிவிடும். முன்னறையில் உள்ள அச்சுப்பொறியைப் பின்கட்டிலிருந்து காண முடியாது. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கைப்பேசி எங்கு போனாலும் வலிமையான பக்கம் தானே மாறிக்கொள்ளும். சில கைப்பேசிகள் பழைய நட்பை எளிதில் விடாமல் முன்னறையையே பற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும்.

தடங்கள் மட்டும் வேறுவேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்சு பட்டையில் தடங்களின் நடுப்புள்ளிகள் 5 மெகாஹெர்ட்சு இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு தடத்துக்கு வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்சு. அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மோதாத மூன்று 1, 6, 11. முன்னறைக்கு 1 என்றால் பின்கட்டுக்கு 6 அல்லது 11.

உப்பளக் கரையோரம் வசிப்பவர்களுக்கு ஒரு சொல். கம்பியையும் ரூட்டரையும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் சோடியம் குளோரைடு மட்டும் அன்று. மக்னீசியம் குளோரைடும் கலந்தது. உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் நீர் கசப்பதற்குக் காரணம் இந்த மக்னீசிய உப்புகளே. இது காற்றின் ஈரத்தை வெகு எளிதில் உறிஞ்சிக் கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் செம்பு முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். தொடர்பு விட்டுவிட்டு வரும். குறையோ ரூட்டர்மேல் விழும். தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, இரும்புப் பீரோ இவற்றின் பின்னாலும் ரூட்டரை ஒளித்து வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும், உப்புத் தண்ணீர் இன்னும் பலமாக விழுங்கும்.

16 மீட்டர் வீட்டுக்கு இவ்வளவும் என்றால், இதே வைஃபையை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தேனி மாவட்டத்தில் கிடைத்தது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் கண் பார்வை மையங்களை அது அமைத்தது. கிராமத்துப் பெரியவர் ஒருவர் கண் மங்குகிறது என்று தேனிக்குப் பேருந்து ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். கூட வருபவர் கூலியும் போய்விடும். ஆகவே பலர் வராமலே இருந்துவிடுவார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைச் சோதித்து, தேனியில் உள்ள மருத்துவரைத் திரையில் வரவழைத்து, நோயாளியோடு பேசவைத்தால் பெரும்பாலோர் பயணமே செய்ய வேண்டாம். ஆனால் அன்று அவ்வூர்களில் அத்தகைய பேச்சைத் தாங்கும் இணையம் இல்லை.

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவினர் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவமனையோடு சேர்ந்து இதற்கு வைஃபையைக் கையில் எடுத்தார்கள். நாற்புறமும் பரவும் அலையைக் குவித்து ஒரே திசையில் அனுப்பும் ஆன்டெனாக்கள்; நேர்ப்பார்வை கிடைக்க உயரமான கோபுரங்கள்; ஓரிடத்தில் நூற்பாலை ஒன்றின் மின்நிலையப் புகைபோக்கியே கோபுரமாயிற்று. மருத்துவமனையும் ஐந்து மையங்களுமாக முனைகள் 6. இடையில் அஞ்சல் நிலையங்கள் 5. மிக நீண்ட தாவல் 15 கி.மீ. நம் கூடத்து ரூட்டர் செய்யும் வேலையைத்தான் அந்த 5 நிலையங்களும் செய்தன.

அங்கே எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஒளி வேகத்தில் செல்லும் அலைக்கும் 15 கி.மீ. கடக்க ஒரு விநாடியில் 20,000இல் ஒரு பங்கு வேண்டும்; பதில் திரும்பிவர இன்னொரு அவ்வளவு. வீட்டுக்குள் புழங்கப் பிறந்த வைஃபை அவ்வளவு நேரம் காத்திருக்காது. "பதிலைக் காணோமே" என்று அனுப்பியதையே மீண்டும் அனுப்பும். திரும்பி வரும் பதிலோடு அது மோதும். ஆகவே குழுவினர் பேசும் முறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் கேட்காமல், பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில். யார் எப்போது பேசுவது என்று நேரம் குறித்த முறைவைப்பு. 2007இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் இரு மலையுச்சிகளுக்கு இடையே 382 கி.மீ. தொலைவை வைஃபை ஒரே தாவலில் கடந்தது.

தேனியில் குழுவினரை மிகுதியும் அலைக்கழித்தது அலைகள் அல்ல, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதும் சரிவதும் ரூட்டர்ப் பலகைகளைப் பழுதாக்கின. பிரம்மதேசத்துப் பின்கட்டுக்கும் இது பொருந்தும். இரண்டு ரூட்டர்களில் எது அணைந்தாலும் பாடம் நின்றுவிடும் என்பதால், மின்கலம் பொருத்திய சிறு காப்புப் பெட்டி வாங்குவதானால் இரண்டுக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு தாளில் அறைகளை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் செயலி காட்டும் எண்ணைக் குறியுங்கள். கைப்பேசியை ஒரே பிடியில் வைத்து மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். கை மறைத்தாலே எண் மாறும். ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள எண்களின் வேறுபாட்டிலிருந்து அந்தச் சுவரின் இழப்பு கிடைக்கும். அதை வைத்து −60க்குச் சற்று மேலான எண் கிடைக்கும் இடங்களைத் தேடினால், காற்றுவழி அஞ்சலுக்கு ஏற்ற இடம் தாளிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு வீட்டில் ரூட்டருக்கு நேர் மேலே, 4 மீட்டர் உயரத்தில் மாடி அறை. இடையில் உள்ள கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 15 டெசிபல் விழுங்குகிறது. ஒரு மீட்டரில் −30 என்றால், மாடிக்கு இரண்டாவது ரூட்டர் தேவையா?